மாமாட மேசையும் மற்ற மேசைகளும்

"மேசை பெருசு, அதான்."

போன வருசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த வசனத்தை நான் மூன்று தரம் சொன்னேன். முதல் ஆட்டம் தோற்றபோது சிரிச்சுக்கொண்டு சொன்னேன். மூன்றாவது ஆட்டம் தோற்றபோது கொஞ்சம் கோபமாகச் சொன்னேன். ஐந்துக்குப் பூச்சியம் என்று முடிஞ்ச பிறகு, வீட்டுக்குப் போற வழியில என்ர சித்தியின்ர மகனிட்டத் திரும்பவும் சொன்னேன். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, உங்களுக்குப் பூல் தெரியாது. மாமாட மேசையத்தான் தெரியும்."

ஏ.எல். எழுதப்போற பெடியன் ஒருத்தன் இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? இரண்டு நாள் அவனோட நான் கதைக்கல. ஆனால் அவன் சொன்னது பிழையில்ல. இந்தக் கட்டுரையை எழுதுறதுக்குக் காரணமும் அந்த ஒரு வசனம்தான்.

மாமாட மேசை என்னவென்று முதலில் சொல்லவேணும். எங்கட ஊரில் வெளிநாட்டுக் காசில கட்டின எத்தனையோ மாடி வீடுகள் வருசத்தில் பதினொரு மாசம் பூட்டியே கிடக்கும். எங்கட லண்டன் மாமாட வீடும் அப்படி ஒன்று. மேல் மாடி ஹோலில் ஒரு 7 அடி பூல் மேசை வாங்கிப் போட்டார். போட்டுட்டு அவர் திரும்பிப் போயிற்றார். அம்மம்மா மழை நாட்களில் அதுக்கு மேல பேப்பர் விரிச்சு மிளகாய் காயவிடுவா. மிளகாய் இல்லாத நாட்களில் நாங்கள் மச்சாள்மார், தம்பிமார் எல்லாரும் அதில விளையாடுவோம். அப்படி ஐந்து வருசம். அந்த மேசையில் என்னை வெல்ல எங்கட குடும்பத்தில் ஆளில்லை. படிப்பக்கம் இருக்கிற நடுப் பொக்கெட்டுக்கு மெதுவாக அடிச்சால் பந்து கொஞ்சம் வளைஞ்சு தானாகவே விழும். மேசை அந்தப் பக்கம் சரிவு. எனக்கு அது தெரியும், வாறவைக்குத் தெரியாது. அதை நான் திறமை என்று நினைச்சுக்கொண்டிருந்தேன்.

பிறகு கம்பஸ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டு, டவுனில் ஒரு இடத்தில் 9 அடி மேசையில் ஒரு சின்னப் போட்டி வைத்தோம். அங்கே நடந்ததுதான் மேலே சொன்ன கதை.

இரண்டு அடி கூடினால் என்ன ஆகும்?

7 அடி, 9 அடி என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. உண்மையில் பந்து ஓடுற பரப்பை அளந்தால், 7 அடி மேசையில் ஏறக்குறைய 78க்கு 39 அங்குலம் வரும். 9 அடி மேசையில் 100க்கு 50 அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: ஒன்று 3042 சதுர அங்குலம், மற்றது 5000. அதாவது பெரிய மேசை ஒன்றரை மடங்குக்கும் கூட. ஆனால் இரண்டிலும் அதே பதினைந்து பந்துகள், அதே வெள்ளை, அதே 57.15 மில்லிமீற்றர் விட்டம்.

இதால இரண்டு விசயம் நடக்குது. முதலாவது, தூரம். ஒரு பந்தை நீங்கள் அடிக்கும்போது 1 பாகை பிழைச்சுப் போகுது என்று வையுங்கள். பொக்கெட் 3 அடி தள்ளி இருந்தால், பந்து அங்கே போய்ச் சேரும்போது 0.63 அங்குலம் விலகி இருக்கும். 6 அடி தள்ளி இருந்தால் 1.26 அங்குலம் விலகி இருக்கும். மூலைப் பொக்கெட்டின் வாய் நாலரை அங்குலம் அளவில். பந்து இரண்டேகால் அங்குலம். நடுவால் போற பந்துக்கு இரண்டு பக்கமும் மிஞ்சுற இடம் 1.125 அங்குலம். ஆகவே அதே பிழை 3 அடியில் மன்னிக்கப்படும், 6 அடியில் பந்து ஓரத்தில் முட்டும். முட்டி விழலாம், விழாமலும் போகலாம். என்ர பந்துகள் அண்டைக்கு விழல.

நான் ஐந்து வருசமாக 1 பாகை பிழையோடதான் அடிச்சுக்கொண்டிருந்திருக்கிறேன். மாமாட மேசை அதை எனக்குச் சொல்லவே இல்ல.

இரண்டாவது, நெருக்கம். இதைத்தான் பெரிய மேசை விளையாடுற பெடியள் மறந்துபோயினம். சின்ன மேசையில் பதினைந்து பந்தும் சனக்கூட்டம் மாதிரி நிற்கும். உங்கட பந்துக்கு வழி இருக்காது. வெள்ளையை இரண்டு அங்குலம் கூட ஓடவிட்டால் எதிராளியின் பந்துக்குப் பின்னால போய் ஒளிச்சுக்கொள்ளும். எந்தக் கூட்டத்தை எப்ப உடைக்கிறது, வெள்ளையை எவ்வளவு கொஞ்சமாக அசைக்கிறது, இதையெல்லாம் சின்ன மேசைதான் பழக்கும். போட்டி முடிஞ்ச பிறகு என்னை வென்ற அதே நண்பனை ஒரு நாள் மாமா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நாலு ஆட்டத்தில் மூன்று தோற்றான். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "மேசை சின்னன், அதான்."

அண்டைக்குத்தான் எனக்குச் சிரிப்பும் வந்தது, விளக்கமும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நோய்க்காரர்.

"ஒரே மேசையில் பழகு" என்பவர்களுக்கு

பூல் விளையாடுற இடங்களில் ஒரு பொதுவான அறிவுரை உண்டு. "ஒரு மேசையப் பிடி, அதிலயே பழகு. மேசை மாத்தினால் கை குழம்பிப்போகும்." இன்னும் கொஞ்சம் கூடத் தெரிஞ்ச அண்ணாமார், "சின்ன மேசை ஆட்டத்தைப் பழுதாக்கும், அது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டு" என்பார்கள்.

இந்த இரண்டையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் முதலாவதில் கொஞ்சம் உண்மை இருக்குது. அதை முதலில் சொல்லிவிடுறேன்.

கியூவைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத, நிலையாக நிற்கத் தெரியாத ஒருவர் கிழமைக்கு மூன்று மேசை மாத்தினால் ஒன்றும் வராது. கையும் தோளும் ஒரு நேர்கோட்டில் வரும் வரைக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது நல்லது. அதேபோல நாளைக்கு ஒரு போட்டி என்றால் இண்டைக்கு அந்த மேசையிலதான் அடிச்சுப் பார்க்கவேணும். இது இரண்டும் சரி.

ஆனால் பிடியும் நிலையும் வந்த பிறகு? அங்கேதான் சிக்கல். உளவியல் பாடத்துக்காகப் படிக்கும்போது ஒரு பழைய ஆய்வு கண்ணில் பட்டது. 1978இல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் சின்னத் துணிப் பொதிகளைக் கொடுத்து ஒரு குறிக்கு எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டும் எறிந்து பழகியது. மற்றக் குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது. 3 அடியில் அது பழகவே இல்லை. கடைசியில் எல்லாரையும் 3 அடியிலிருந்து எறியச் சொன்னார்கள். 3 அடியிலேயே பழகின பிள்ளைகளை விட, அந்தத் தூரத்தைத் தொடாத பிள்ளைகள் நல்லாக எறிந்தார்கள்.

அடுத்த வருசம், 1979இல், ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் காட்டியது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் பழகும்போது நல்லாகச் செய்தார்கள். மாற்றி மாற்றிப் பழகியவர்கள் பழகும்போது திணறினார்கள். ஆனால் சில நாள் கழிச்சுச் சோதிச்சபோது திணறியவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு தரவில்லை என்பதையும் சொல்லவேணும். துணிப் பொதி எறியிறதும் பூல் அடிக்கிறதும் ஒன்றில்லை என்பதும் சரி. ஆனாலும் ஒரு விசயம் எனக்கு உறைத்தது: பழகும்போது வாற சுகம் பழக்கத்துக்கு அடையாளம் இல்லை. மாமா வீட்டில் எனக்கு எல்லாம் சுகமாக வந்தது. ஏனென்றால் நான் அங்கே புதிதாக ஒன்றும் படிக்கவில்லை.

இரண்டாவது அறிவுரைக்கு, அதாவது சின்ன மேசை ஆட்டத்தைப் பழுதாக்கும் என்றதுக்கு, ஒரு ஆளைக் காட்டுறேன். ஸ்டீவ் டேவிஸ். 1981க்கும் 1989க்கும் இடையில் ஆறு தரம் ஸ்னூக்கர் உலகச் சம்பியன். ஸ்னூக்கர் மேசை 12 அடி. பந்தும் சின்னன், 52.5 மில்லிமீற்றர், பொக்கெட் இறுக்கம். அப்படிப்பட்ட மேசையில் வாழ்ந்த மனிசன் 1994 முதல் 2004 வரை ஐரோப்பிய அணிக்காக மொஸ்கோனி கிண்ணத்தில் 9 அடி மேசையில் பூல் விளையாடினார். 2002இல் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டை வென்று கிண்ணத்தைக் கைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 12 அடியிலிருந்து 9 அடிக்கு இறங்கி வாறது தனக்கு மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. எங்கட சந்தியில் நிற்கிற அண்ணாமார்தான் 9 அடியிலிருந்து 7 அடிக்கு இறங்க வெட்கப்படுகினம்.

ஒரே ஒரு மேசைதான் இருக்குது என்றால்?

"கதை நல்லாயிருக்கு பிள்ளை, எங்கட ஊரில இருக்கிறதே ஒரு மேசை" என்று நீங்கள் சொல்லுவீர்கள். சரி. அந்த ஒரு மேசையையே நாலு மேசையாக்கலாம். நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுறேன்.

சின்ன மேசை மட்டும் இருந்தால், ஆட்டத்தை விட்டுட்டுத் தூர அடிகளை மட்டும் அடியுங்கள். வெள்ளையை ஒரு மூலையில் வைத்து, மற்றப் பந்தை மேசையின் நடுவில் வைத்து, எதிர் மூலைப் பொக்கெட்டுக்கு நேராக அடிக்கவேணும். அடிச்ச பிறகு வெள்ளை முட்டின இடத்திலேயே நிற்கவேணும். இடம் வலம் நகர்ந்தால் உங்கட அடி நேரில்லை. பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். பிறகு பொக்கெட்டின் வாயைச் சின்னதாக்குங்கள். நாங்கள் பழைய பாட்டா செருப்பின் அடியை வெட்டி, பொக்கெட்டின் இரண்டு ஓரத்திலும் செருகினோம். அம்மம்மா கண்டால் ஏசுவா. ஆனால் 7 அடி மேசை ஒரே நாளில் கொடுமையாக மாறும்.

பெரிய மேசை மட்டும் இருந்தால் பாதி மேசையைப் பாவியுங்கள். ஆறு பந்தை ஒரு பாதியில் சிதறவிட்டு, வெள்ளை நடுக்கோட்டைத் தாண்டாமல் ஆறையும் எடுக்கவேணும். தாண்டினால் திரும்ப முதலிலிருந்து. சின்ன மேசையின் நெருக்கம் அப்படியே வரும்.

புது மேசைக்குப் போனால் முதல் பத்து நிமிசம் ஆட்டம் தொடங்காதீர்கள். வெள்ளையை எதிர்ப்பக்கக் குஷனில் முட்டித் திரும்பி உங்களிட்டயே வரவிடுங்கள். எவ்வளவு விசைக்கு எவ்வளவு தூரம் ஓடுது என்று கை தானாகக் கணக்கெடுக்கும். பிறகு மிக மெதுவாக ஒரு பந்தை உருட்டிப் பாருங்கள். சரிவு இருந்தால் அங்கே தெரியும். கார்த்திகை, மார்கழி மழைக்கு மேசைத் துணி ஈரம் பிடிச்சுப் பந்து மந்தமாக ஓடும். அதே மேசை பங்குனியில் வேறு மேசை. காசு போடுற பழைய மேசைகள் சிலதில் வெள்ளைப் பந்து மற்றதுகளை விடக் கொஞ்சம் பெரிசாக அல்லது பாரமாக இருக்கும், விழுந்தால் மேசை அதைத் தனியாகப் பிரித்துத் திருப்பி அனுப்பவேணும் என்பதற்காக. அந்த வெள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறது சரியான கஷ்டம். தெரியாமல் போய் "என்ர கை இண்டைக்குச் சரியில்ல" என்று அழக்கூடாது.

மேசையே இல்லையென்றால்? கரம் போர்ட் இருக்குதானே. சனசமூக நிலையத்து பெரிய போர்டிலும் வீட்டுச் சின்னப் போர்டிலும் மாறி மாறி விளையாடின எல்லாருக்கும் நான் சொல்லுறது ஏற்கெனவே தெரியும். வெட்டுக் கோணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

யாருக்கு எத்தனை மேசை?

இவ்வளவு நேரம் அங்குலக் கணக்குக் கதைச்சேன். இனி நான் உண்மையில் கதைக்க வந்த விசயம்.

ஃபிலிப்பீன்ஸில் எஃப்ரன் ரேயஸ் என்று ஒருவர். 1999இல் ஒன்பது பந்து உலகச் சம்பியன், 2004இல் எட்டுப் பந்து உலகச் சம்பியன். இரண்டையும் வென்ற முதல் ஆள். அவரும் சின்ன வயசில் பழகினது மாமா முறையான ஒருவரின் மேசையில்தான், மணிலாவில். இதை வாசிச்சபோது எனக்கு முதலில் சந்தோசம், "அட, எனக்கும் மாமாட மேசைதானே" என்று. பிறகுதான் வித்தியாசம் விளங்கியது. அவருடைய மாமா வைத்திருந்தது ஒரு பூல் ஹோல். கண்டவரும் காணாதவரும் வந்து போற இடம். பெடியன் அங்கே இருந்தபடியே நூறு பேரின்ர ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தான். என்ர மாமாட மேசை பூட்டின வீட்டுக்குள்ள. அதில நான் பார்த்தது மூன்று மச்சாள்மாரின்ர ஆட்டமும் ஒரு தம்பியின்ர ஆட்டமும்.

என்ர தம்பிக்கு இரண்டு மேசை இருந்தது. பின்னேரம் ரியூசன் விட்டு வரும்போது டவுனில் பெடியளோட பெரிய மேசையில் அரை மணித்தியாலம் விளையாடிப்போட்டு வருவான். அதனாலதான் அவனால் எனக்கு அந்த வசனத்தைச் சொல்ல முடிஞ்சது. எனக்கு அந்த இடம் எங்கே இருக்குது என்று தெரியும். பத்து வருசமாக அதுக்கு முன்னால சைக்கிளில் போயிருக்கிறேன். ஒரு நாளும் இறங்கல. யாரும் "போகாதே" என்று சொன்னதும் இல்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

போட்டி நாளில் முதல் தரம் உள்ளே போனபோது அங்கே நின்ற அண்ணா கேட்டது, "தங்கச்சி, ஆரோட வந்தனீங்கள்?" கெட்ட நோக்கத்தில் கேட்கவில்லை. அவருக்கு அது சாதாரணக் கேள்வி. ஆனால் என்னோட வந்த பெடியள் ஒருத்தரிட்டயும் அதைக் கேட்கவில்லை.

மேசை எப்பவும் யாரோ ஒருவரின் இடமாகத்தான் இருந்திருக்குது. ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிகள் மத்தியில் தொடங்கினது. அதன் விதிகள் எழுத்தில் வந்தது ஊட்டி கிளப்பில். ஊட்டியில் வாழ்ந்த சாதாரணச் சனத்துக்கு அந்த அறைக்குள்ள இடமில்லை. ஆனால் கதவு திறந்த பிறகு என்ன நடந்தது? 1973இல் பம்பாயில் எங்கட நாட்டைச் சேர்ந்த முகமட் லாஃபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனானார். இலங்கைக்கு எந்த விளையாட்டிலும் கிடைச்ச முதல் உலகச் சம்பியன் பட்டம் அது. கிரிக்கெட் கிண்ணத்துக்கு 23 வருசம் முந்தி. எங்கட பாடப்புத்தகங்களில் அவரை நான் காணவில்லை.

ஆகவே "வெவ்வேறு மேசையில் பழகு" என்று பெடியளுக்குச் சொல்லும்போது அது ஒரு பயிற்சிக் குறிப்பு. பெட்டையளுக்குச் சொல்லும்போது அது ஒரு கதவைப் பற்றின கதை. "பெண் பிள்ளைகளுக்குக் குறி சரியாக வராது" என்று சொல்லுற ஆட்களிட்ட நான் கேட்கிறது ஒன்றுதான்: அவளுக்கு எத்தனை மேசை கிடைச்சது?

நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். பட்ச்சில் நாலு பெட்டையள் சேர்ந்தோம். லெக்சர் இல்லாத புதன்கிழமை காலமை, சனம் குறைவான பத்து மணிக்கு அந்த இடத்துக்குப் போனோம். நாலு பேர் பிரிச்சுக் கொடுத்தால் மணித்தியாலக் காசு பெரிய பாரமில்லை. முதல் கிழமை அந்த அண்ணா திரும்பவும் "ஆரோட?" என்று கேட்டார். "நாங்கள்தான் அண்ணா" என்றோம். மூன்றாவது கிழமை ஒன்றும் கேட்காமல் சோக்கை எடுத்துத் தந்தார். ஐந்தாவது கிழமை, மேசை மேல் பக்கம் கொஞ்சம் சரிவு, பார்த்து அடியுங்கோ என்றார். அது எனக்குச் சான்றிதழ் மாதிரி இருந்தது.

பெடியள் இதை வாசிச்சால் ஒன்று செய்யலாம். உங்கட தங்கச்சி வீட்டில் கரம் போர்டில் உங்களை வெல்லுறாள் என்றால், அடுத்த தரம் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பெட்டையள் வாசிச்சால், தனியாகப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு பேராகப் போனால் காசும் குறைவு, கேள்வியும் குறைவு.

இந்தத் தை மாசம் அதே நண்பனோட அதே 9 அடி மேசையில் திரும்ப விளையாடினேன். ஐந்துக்கு மூன்று. தோற்றதுதான். கடைசி ஆட்டத்தில் எட்டாம் பந்து மட்டும் மிஞ்சியிருந்தது, ஆறு அடி தூரம், மூலைப் பொக்கெட். அடிச்சேன். ஓரத்தில் முட்டி வெளியே வந்தது.

போற வழியில் தம்பி கேட்டான், "என்னக்கா, மேசை பெருசோ?"

"இல்லடா," என்றேன், "ஒரு பாகை."